ஆட்கள் வெளிநாடு போகும் காலத்தில் இரண்டாவது கடை திறக்கலாமா?

கேள்வி: சுன்னாகத்தில் பேக்கரி நடத்துகிறேன். போறணையில் நின்றவர் கட்டாருக்கும் மாக்குழைத்தவர் கனடாவுக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் வியாபாரம் குறையவில்லை. கனடாவிலுள்ள தம்பி, பணம் தருவதாகவும் இன்னொரு கடை திறக்கும்படியும் சொல்கிறார். திறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தம்பியின் பணத்தை இருக்கிற பேக்கரியிலேயே போடுங்கள்.

2022 மார்ச்சில் இலங்கை ரூபாயின் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்டபின், 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. அந்த ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி நாட்டைவிட்டுப் போனார்கள். வங்கி வழியாக வந்த பணம், வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல் முறையில் டொலருக்குக் கூடுதல் விலை கிடைத்ததால், அந்த ஆண்டில் சுமார் 3.8 பில்லியன் டொலராகச் சரிந்து, 2023இல் 6 பில்லியனை நெருங்கியது. விலைவாசியும் சேர்ந்தே ஏறியதால், உள்ளூர்ச் சம்பளத்தில் வாழும் வீட்டுக்கும் வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டுக்கும் இடைவெளி விரிந்தது. உங்கள் விற்பனை குறையாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் எல்லாப் பயணமும் ஒன்றல்ல. கட்டாருக்குப் போனவரின் குடும்பம் பெரும்பாலும் இங்கேயே இருக்கும். மாதாமாதம் பணமும் வரும். கனடாவுக்குப் போனவர் பிறகு குடும்பத்தையும் அழைத்துக்கொண்டால் வீடு பூட்டப்படும், அந்த வீட்டுக்குப் போன பாணும் நின்றுவிடும். உங்கள் கடன் கொப்பியை எடுத்து, மூன்று ஆண்டுகளுக்கு முன்பிருந்த பெயர்களில் எத்தனை வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அது உங்களுக்குப் பயன்படும்.

வெளிநாட்டுப் பணத்தில் கணிசமான பங்கு வீடு கட்டவே போகிறது. ஆகவே நீங்கள் போட்டியிட வேண்டியது அடுத்த பேக்கரியின் சம்பளத்தோடு அல்ல, மேசனுக்குக் கையாளாகப் போகிறவரின் நாட்கூலியோடு. அந்தக் கூலியை இரண்டு கடைகளில் கொடுக்க உங்களால் இயலாது. முதலில் மாக்குழைக்கும் இயந்திரம் வாங்குங்கள். ஒரு மூட்டை மாவுக்கு எவ்வளவு தண்ணீர், உப்பு, ஈஸ்ட், 450 கிராம் பாணுக்கு வெட்டும் மாவுருண்டை எத்தனை கிராம், பொங்க விடும் நேரம் எவ்வளவு என்பவற்றை நிறுத்தும் அளந்தும் எழுதிவையுங்கள். இவை ஒருவரின் கைப்பழக்கமாகவே இருந்தால் அவரோடு விமானம் ஏறிவிடும். ஒவ்வொரு வேலையையும் இருவருக்குப் பழக்குங்கள், பெண்களையும் சேர்த்து. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கான 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தையும் ஒழுங்காகக் கட்டுங்கள். நாட்கூலி தராத பாதுகாப்பு அது.

தம்பியின் பணம் கடனா, பங்கா என்பதை எழுத்தில் வையுங்கள். வங்கி வழியாகவே வரட்டும். பின்னர் நீங்கள் கடன் கேட்கும்போது அந்தப் பதிவு உதவும். அவர் கனடியக் குடியுரிமை பெற்றவரானால், பங்கு கொடுக்குமுன் அந்நியச் செலாவணி விதிகளை வங்கியில் விசாரியுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் வருவோரால் கூடும் விற்பனையைத் தனியே எழுதுங்கள். மற்ற மாதங்களின் இலாபத்தில் புதுக் கடையின் வாடகையும் இரண்டு பேரின் சம்பளமும் கட்டுப்படுமானால், அப்போது தம்பியோடு மீண்டும் பேசலாம்.