எஸ்.பி. ரோடு பில் உங்களைக் காப்பாற்றாது

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் பவர் சப்ளை யூனிட் தயாரிக்கிறேன். மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் டெண்டரில் எல்-1 (மிகக் குறைந்த) விலையைவிட 12 சதவீதம் கூடுதலாகக் கேட்டிருந்தேன். முதல் வகுப்பு உள்நாட்டு சப்ளையர் என்பதால் எல்-1 விலைக்கு இறங்கி வர எனக்கு வாய்ப்புத் தர வேண்டும். அதற்குள், என் 62 சதவீத உள்நாட்டு மதிப்பு பொய் என்று போட்டியாளர் புகார் செய்ய, விளக்கம் கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ் வந்துவிட்டது. அவரே சீனச் சரக்கு விற்பவர். அதிகாரியும் அவர் பக்கம். சர்க்யூட் போர்டைக்கூட நான் இங்குள்ள எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் ஜிஎஸ்டி பில்லோடுதான் வாங்குகிறேன். ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாமா?

பதில்: அந்த போர்டு எங்கே தயாரானது? உங்கள் வழக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. போட்டியாளர் சீனச் சரக்கு விற்றால் அது தனிப் புகார். உங்கள் கணக்கை அது சரியாக்காது. அதிகாரி மீதுள்ள கோபத்தையும் ஒதுக்கி வையுங்கள்.

2017 மேக் இன் இந்தியா கொள்முதல் உத்தரவுப்படி, வரி நீங்கலான விலையிலிருந்து சுங்க வரியோடு சேர்ந்த இறக்குமதி மதிப்பைக் கழித்து மிஞ்சுவதுதான் உள்நாட்டு மதிப்பு. இறக்குமதிப் பொருளை உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் அது இறக்குமதிதான். போர்டைக் கழித்தபின் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் நீங்கள் முதல் வகுப்பு இல்லை, சலுகை கிடையாது.

இனிதான் ஆபத்து. இந்தக் கட்டத்தில் பலர் ஆடிட்டரிடம் ஓடி, 62 வருகிற மாதிரி பழைய தேதியில் சான்றிதழ் வாங்குகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆடிட்டர் சான்றிதழில் யுடிஐஎன் என்ற தனி அடையாள எண் இருக்கும். அது எப்போது உருவானது என்பதை யாரும் சரிபார்க்கலாம். கணக்குப் பிழை என்று முடிந்திருக்க வேண்டியது அப்புறம் மோசடி வழக்காகிவிடும். பொய் அறிவிப்பு என்று முடிவானால் பொது நிதி விதி 151-இன் கீழ் இரண்டு வருடம் வரை டெண்டரில் தடை. அந்தக் காலத்தில் இந்த உத்தரவின் கீழ் மற்ற கொள்முதல் அமைப்புகளிடமும் சலுகை கேட்க முடியாது. அரசு ஆர்டரையே நம்பி ஓடும் சிறு பட்டறைக்கு இரண்டு வருடம் என்பது மூடுவிழாதான்.

ரிட் இப்போது வேண்டாம். நோட்டீஸ் கட்டத்தில் ஹைகோர்ட் பெரும்பாலும் தலையிடாது; அதோடு 62-ஐ அபிடவிட்டில் சத்தியம் செய்து சொல்ல வேண்டிவரும். ஒன்றை மட்டும் பாருங்கள்: தடை விதிக்க உத்தேசம் என்று நோட்டீஸில் தெளிவாக இருக்கிறதா? இல்லாவிட்டால், அந்த உத்தேசம் நோட்டீஸிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 2014-இல் கோர்க்கா செக்யூரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பின்னால் உங்களுக்குக் கைகொடுக்கும்.

என் யோசனை, சமரசம். போர்டைத் தயாரித்தது யார் என்று கடைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால், நல்லெண்ணத்தில் நேர்ந்த கணக்குப் பிழை என்று ஒப்புக்கொண்டு, பில்களையும் திருத்திய கணக்கையும் வைத்து, சலுகைக் கோரிக்கையை விட்டுவிடுங்கள். இந்த டெண்டர் போனால் போகட்டும். பதில் தர நாள் போதாவிட்டால் அவகாசத்தை எழுத்தில் கேளுங்கள். போனில் கிடைத்த வாக்குறுதி ஃபைலில் இருக்காது.