குண்டு, ரவை, தோட்டா: ஓர் ஆர்மரரின் பதில்கள்

வந்த கேள்விகளையெல்லாம் சேர்த்துவைத்து ஒரே இருப்பில் பதில் எழுதியிருக்கிறேன். ராணுவப் பட்டறையில் 22 ஆண்டுகள் ஆர்மரராக இருந்தவன் நான். துப்பாக்கியைப் பிரித்து, துடைத்து, திரும்பப் பூட்டிச் சம்பாதித்தேனே தவிர, வேட்டைக்குப் போனதில்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமும் இல்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் அந்த ஊர்ச் சட்டப்படி லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போகிறார்கள். இங்கே வந்த கேள்விகளில் பாதி அவர்களுடையது.

கேள்வி (தக்கலை, பிளஸ் டூ மாணவி): மாமா, செய்தித்தாளில் ஒரு நாள் தோட்டா என்கிறார்கள், மறுநாள் குண்டு என்கிறார்கள், இன்னொரு நாள் ரவை. மூன்றும் ஒன்றுதானா?

பதில்: மூன்றும் வேறு வேறு, மக்களே. பயிற்சியின் முதல் வாரத்தில் நெடுக அறுத்த தோட்டா ஒன்றை எங்கள் கையில் கொடுத்தார்கள். வெளியே பித்தளைக் கூடு. அடியில் சட்டைப் பித்தானைவிடச் சிறிய கேப்பு. சுத்தி அடிபட்டதும் முதல் பொறி அதிலிருந்துதான் கிளம்பும். கூட்டுக்குள் வெடிமருந்து. கூட்டின் வாயில் செருகியிருப்பது குண்டு. இவை அத்தனையும் சேர்ந்ததுதான் தோட்டா. சுட்டபின் பறந்துபோவது குண்டு மட்டுமே. ஆகவே ‘உடலில் இருந்து தோட்டா அகற்றப்பட்டது’ என்று படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். ரவை என்பது ஒரே தோட்டாவுக்குள் நிறைய அடைத்திருக்கும் சின்ன உருண்டைகள்.

அன்று அந்தக் குண்டையும் அறுத்திருந்தார்கள். நடுவில் சாம்பல் நிற ஈயம், அதைச் சுற்றி நகக் கனத்தில் செம்புத் தோல். விரல் நகத்தால் கீறிப் பார்த்தேன். ஈயத்தில் கோடு விழுந்தது, செம்பில் விழவில்லை. ஈயம் இளகும், செம்பு தாங்கும். எதை எவ்வளவு வெளியே விடுவது, எதை எவ்வளவு மூடுவது என்பதில்தான் வேட்டைக்குண்டின் வகைகள் எல்லாம் பிறக்கின்றன.

கேள்வி (நியூசிலாந்து, சொந்த ஊர் கருங்கல்): அண்ணே, இங்கே துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துவிட்டேன். கூட வேலை செய்பவர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். கடைக்குப் போனால் ஒரே .308 அளவில் (குண்டின் குறுக்களவு, அங்குலத்தில்) இருபது வகைப் பெட்டிகள். எதை எடுப்பது?

பதில்: தம்பி, வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இல்லாதிருந்த நாடு அது. செம்மானை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் கொண்டுபோய் விட்டான். தின்ன ஒரு புலியும் இல்லாததால் மான் பெருகிக் காட்டை மேய்ந்துவிட்டது. அதனால்தான் அங்கே வேட்டைக்கு அனுமதி.

பெட்டிகளுக்கு வருகிறேன். ஊர்க் குளத்தில் குதித்த நாட்களை நினைத்துப் பார். நெட்டுக்குத்தாகக் கால் நீட்டிக் குதித்தால் சத்தமே இல்லாமல் அடிவரை போய்விடுவோம். வயிறடிக்க விழுந்தால் குளமே அதிரும், நாமும் அங்கேயே நிற்போம். ஃபுல் மெட்டல் ஜாக்கெட் எனப்படும் முழுக்கச் செம்பு மூடிய குண்டு முதல் வகை. விலங்கின் உடலில் சிறிய துளை போட்டு மறுபக்கம் போய்விடும். அடிபட்ட மான் ஓடி, எங்கோ புதரில் கிடந்து, நாள் கழித்துச் சாகும். மானுக்கு அதை வாங்காதே; பல நாடுகளில் பெரிய விலங்குகளுக்கு அது சட்டப்படியே கூடாது.

சாஃப்ட் பாயின்ட் வகையில் மூக்கு நுனியில் ஈயம் வெளியே தெரியும். சதையில் பட்டதும் நுனி நசுங்கி, குடை விரிவது போலப் பின்பக்கமாக மடங்கி, ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமாகும். வேகத்தின் பெரும்பகுதி விலங்கின் உள்ளேயே செலவாகிவிடும். ஹாலோ பாயின்ட் வகைக்கு நுனியில் குழி இருக்கும். பெரும்பாலும் இன்னும் வேகமாக விரியும், சிதறவும் செய்யும். முயல் போன்ற சிற்றுயிர்களுக்கு அது. ஆனால் குழி உள்ளதெல்லாம் வேட்டைக்கானது என்று எண்ணிவிடாதே. குறிபார்க்கும் போட்டிக்குச் செய்யும் குண்டிலும் குழி உண்டு. அது உடலில் விரியும் என்று நம்ப முடியாது. சிவப்பு, நீல நிற பிளாஸ்டிக் மூக்கு வைத்தவை காற்றைக் கிழித்துப் போகும், பட்டதும் அந்த மூக்கு ஆப்பு போல உள்ளே இறங்கிக் குண்டை விரிக்கும். பார்க்க அழகு, தொடக்கக்காரருக்கு அவசியமில்லை.

நான் வாங்குவதாக இருந்தால் 150 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட், நடுத்தர விலையில், ஒரே வகையில் நான்கைந்து பெட்டி எடுப்பேன். ஒரே வகை என்பதற்குக் காரணம் உண்டு. குண்டு மாறினால் அது படும் இடமும் மாறும். துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கியை ஒரு குண்டுக்குச் சரிசெய்துவிட்டு வேறொன்றை வைத்துச் சுட்டால் மார்புக்கு வைத்த குறி வயிற்றில் போய் நிற்கும்.

கேள்வி (மார்த்தாண்டம், நகைப் பட்டறை): கிரெய்ன் என்பது மருந்தின் அளவா?

பதில்: பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது குண்டின் எடை. வெடிமருந்தையும் கிரெய்னில்தான் நிறுப்பார்கள் என்பதால் இந்தக் குழப்பம் பட்டாளத்தில்கூட உண்டு. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. உங்கள் தராசுக் கணக்கில் சொன்னால், பவுன் 8 கிராம் என்று வைத்து, 150 கிரெய்ன் குண்டு ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு; 180 கிரெய்ன் ஏறத்தாழ ஒன்றரைப் பவுன். உங்கள் குன்றிமணியில் ஏறக்குறைய பாதிதான் ஒரு கிரெய்ன். கிரெய்ன் என்றால் தானிய மணி. வெள்ளைக்காரன் அதை வைத்து நிறுத்தான், இங்கே நாம் குன்றிமணியை வைத்தோம்.

கேள்வி (நாகர்கோவில், வழக்கறிஞர்): விரியும் குண்டு போரில் தடைசெய்யப்பட்டது என்று படித்திருக்கிறேன். வேட்டைக்கு மட்டும் எப்படிச் சரி?

பதில்: சார், அந்தத் தடைக்குக் காரணமே நம் நாட்டுத் தொழிற்சாலைதான். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில் 1890களில் .303 குண்டின் நுனிச் செம்பை விலக்கி, ஈயம் வெளித்தெரியச் செய்தார்கள். எல்லைப்புறச் சண்டைகளில் பழைய குண்டு எதிரியை நிறுத்தவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 1899இல் ஹேக் மாநாட்டில், மனித உடலில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தார்கள். சிப்பாய் காயத்தோடு பிழைத்துப் போகட்டும் என்பது அதன் நியாயம். வேட்டையில் நியாயம் தலைகீழ்: காயத்தோடு தப்பிப்போவதுதான் விலங்குக்குச் செய்யும் கொடுமை. நான் 22 ஆண்டும் கையாண்டது முழுக்க மூடிய குண்டுகளை. அது சட்டத்துக்காகச் செய்யப்பட்டது, மானுக்காக அல்ல.

கேள்வி (புலியூர்க்குறிச்சி): உதயகிரிக் கோட்டைக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. டச்சுப் படையிலிருந்து வந்து திருவிதாங்கூர் தளபதியான டிலனாய் காலத்தில் துப்பாக்கிக் குண்டு உருண்டையாக இருந்ததாமே? ஏன் கூராக மாற்றினார்கள்?

பதில்: குளச்சல் போர் நடந்த 1741இல் ஈய உருண்டைதான். குழலின் உள்பக்கம் வழவழவென்று இருக்கும். உருண்டை தளர்வாக உருண்டு வந்து, வெளியேறும்போது எந்தப் பக்கம் தட்டியதோ அந்தப் பக்கம் திரும்பும். நூறு கஜம் தாண்டினால் கடவுள் விட்ட வழி. பிறகு குழலுக்குள் புரிபுரியாகப் பள்ளம் வெட்டும் வழக்கம் பரவியது. பம்பரத்தைக் கையால் நிறுத்திப் பாருங்கள், விழுந்துவிடும். சாட்டை சுற்றி விட்டால் ஆணியில் நிற்கும். அந்தப் புரி, குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. சுழல்வதால்தான் நீளமான, கூரான குண்டு குப்புற விழாமல் மூக்கு முன்னே நிற்கப் பறக்கிறது. நீளக் குண்டுக்கு எடை அதிகம், காற்றுத் தடை குறைவு.

கோட்டைக்குள் டிலனாயின் மேற்பார்வையில் பீரங்கி வார்த்தார்கள். அவர் கல்லறையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வார்ப்புச்சாலையையும் விசாரித்துப் பார்க்கலாம்.

கேள்வி (குலசேகரம்): தாத்தாவின் இரட்டைக்குழல் ‘12 போர்’ (bore, குழலின் அளவு) துப்பாக்கி லைசென்ஸோடு என் பெயருக்கு வந்திருக்கிறது. 12 என்றால் என்ன? எல்.ஜி., எஸ்.ஜி., 6ஆம் நம்பர் என்கிறார்களே?

பதில்: குழல் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, அதுதான் 12. எனவே 20 போர் என்பது சின்னக் குழல். ரவையிலும் இதே தலைகீழ்க் கணக்குதான். நம்பர் ஏற ஏற ரவை சிறுத்துப்போகும். 6ஆம் நம்பர் மிளகைவிடச் சிறியது, தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்.ஜி., எஸ்.ஜி. பெரிய உருண்டைகள், தோட்டாவுக்கு ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். லைசென்ஸில் எத்தனை தோட்டா என்று எழுதியிருக்கிறதோ, அதற்கு மேல் ஒன்றுகூட வீட்டில் வைக்காதீர்கள். பழைய அலமாரியில் தாத்தா விட்டுப்போன தோட்டா கிடந்தால் சுட்டுப் பார்க்க வேண்டாம். காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள்.

கேள்வி (தடிக்காரன்கோணம்): மரச்சீனி (மரவள்ளி) தோட்டத்தில் காட்டுப்பன்றி ஒரு மூடு (செடி) விடவில்லை. எல்லைக்கு அப்பால் கேரளாவில் சுடுகிறார்கள். என்ன குண்டு வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: சொல்லமாட்டேன், ஐயா. உங்கள் கஷ்டம் தெரியாமல் இல்லை. என் அக்காவின் வாழைத்தோட்டமும் அதே மலையடிவாரத்தில்தான். கேரளாவில் 2022 முதல் ஊராட்சித் தலைவர் அனுமதித்தால் லைசென்ஸ் உள்ளவர் சுடலாம். நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் வந்த ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் மட்டுமே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கும் உள்ளே சுடவே கூடாது. உங்கள் தோட்டம் எந்தக் கணக்கில் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பயிர் இழப்பீட்டுக்கும் மனுக் கொடுங்கள்.

கேள்வி (சுசீந்திரம்): மகனுக்கு ஏர்கன் வாங்கித் தரலாமா? .22 ரைஃபிளும் சின்னதுதானே, ஆபத்தில்லையே?

பதில்: அட்டையில் வட்டம் வரைந்து சுடட்டும். கொக்கைச் சுட்டால் அது ஏர்கன் என்றாலும் வழக்குதான். .22 சின்னது என்பது ஏமாற்று. அதன் குண்டு ஒன்றரை மைல் வரை போகும் என்று பெட்டியிலேயே எச்சரித்திருப்பார்கள். தக்கலைச் சந்திப்பில் வானம் பார்த்துச் சுட்டது பத்மநாபபுரம் அரண்மனை ஓட்டில் விழலாம்.

கேள்வி (தேரூர், பறவை பார்ப்பவர்): ஈயக் குண்டு பறவைகளுக்கு விஷம் என்கிறார்கள். சுடப்படாத பறவைக்கு அது எப்படிப் போகும்?

பதில்: வாத்துக்குப் பல் இல்லை. இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும். குளத்தடியில் விழுந்து கிடக்கும் ரவையைக் கல் என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. வயிறு அதை அரைக்க, ஈயம் ரத்தத்தில் கலக்கிறது. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991இலேயே தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரி முதல் தடை. கலிஃபோர்னியாவில் 2019இலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது. சுட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்ற காண்டோர் கழுகுகள் ஈயத்தால் செத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். மனிதருக்கும் இதில் பங்கு உண்டு. விரியும் ஈயக் குண்டு கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் காயத்திலிருந்து ஒரு சாண் தாண்டியும் இறைச்சியில் பரவும்.

கேள்வி (கனடா, சொந்த ஊர் இரணியல்): அப்படியானால் முழுச் செம்புக் குண்டுக்கு மாறிவிடலாமா? விலை கடிக்கிறது, மாமா.

பதில்: நீ இருக்கும் நாட்டில்தான் அந்தக் கதைக்கு விதை விழுந்தது. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர், சேறு காய்ந்து அப்பிய ஒரு மூஸ் மானைச் சுட்டார். குண்டு மேலேயே உடைந்து, உள்ளே போகவில்லை. ஊருக்குப் போய், நடுவில் செம்புச் சுவர் வைத்த குண்டைச் செய்தார்: முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே இறங்கும். பிறகு ஈயத்தைச் செம்போடு பற்றவைத்த குண்டுகள் வந்தன. ஈயமே இல்லாத முழுச் செம்பு அதற்கும் பின்னால் வந்தது. எடை சிதறாமல் ஆழமாகப் போகும். மூஸ் போன்ற பெரிய உடலுக்கு நல்லது. செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும். அதனால் ஓர் எடை குறைத்து, 180க்குப் பதில் 150 அல்லது 165 எடு. வேகம் குறைந்தால் சரியாக விரியாது, ஆகையால் தொலைவிலிருந்து சுடாதே. வீட்டில் சின்னப் பிள்ளைகள் அந்த இறைச்சியைச் சாப்பிடுகிறார்கள் என்றால் விலையைப் பார்க்காமல் மாறிவிடு. வருடத்துக்கு ஒரு மூஸுக்கு எத்தனை குண்டு செலவாகப் போகிறது? பயிற்சிக்கு மலிவானதைச் சுடு. புறப்படும் முன் செம்பை வைத்து நான்கு சுட்டுக் குறியைச் சரிபார்த்துக்கொள்.