வெளிநாட்டுப் பயணத்தில் இன்சுலின் பம்ப் நின்றுபோனால் எப்படிச் சமாளிப்பது?

முதல் வகை நீரிழிவுக்காக, தோலுக்கடியில் இன்சுலினை இடைவிடாமல் செலுத்தும் பம்ப் பொருத்திக்கொண்ட பிறகு முதல்முறையாக வெளிநாடு செல்லவிருப்பதாகவும், அங்கே அது பழுதாகிவிட்டால் என்ன செய்வது என்று புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. என் தவறுகளையும் மறைக்காமல் சொல்கிறேன். ஏனென்றால் அன்று இரவு பழுதான பம்பைவிட, மாற்று ஏற்பாடு என்று நான் பையில் வைத்திருந்த பொருள்தான் பெரிய ஆபத்தாக முடிந்திருக்கும்.

ஜூன் மாதத்தில் நானும் கணவரும் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், போர்ட்ரீ என்ற சிற்றூரில் தங்கியிருந்தோம். அந்த மாதத்தில் அங்கே இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாகத்தான் சாப்பிட்டோம். 10.30 மணியளவில் பம்ப் விடாமல் ஒலியெழுப்பி, மோட்டார் பழுது என்று திரையில் காட்டியது. பேட்டரியை மாற்றினேன்; மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டும் ரீவைண்ட் செய்தேன்; பாதியில் நின்று மறுபடியும் அதே எச்சரிக்கை வந்தது. அடைப்பு என்ற எச்சரிக்கையாக இருந்தால் பெரும்பாலும் தோலுக்கடியில் செருகியிருக்கும் கேனுலா என்ற மெல்லிய குழாய் மடிந்திருக்கும், புதிய குழாய் செட்டை மாற்றினால் சரியாகிவிடும். மோட்டாரே ஓடாதபோது அந்த வைத்தியம் பலிக்காது என்று தெரிந்தும், ஆற்றாமையில் அதையும் செய்து ஒரு செட்டை வீணாக்கினேன். நிறுவனத்தின் உதவி எண் 1800 என்று தொடங்கும் இலவச எண் என்பதால், இந்தியாவுக்கு வெளியிலிருந்து அதற்கு இணைப்பே கிடைக்கவில்லை. இந்தப் போராட்டத்தில் இரண்டரை மணி நேரம் ஓடிவிட்டது.

அந்த இரண்டரை மணி நேரத்தை நான் இழந்திருக்கவே கூடாது. பம்பில் நாம் நிரப்புவது விரைவாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே. நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இருப்பதுபோல் தோலுக்கடியில் சேமிப்பு எதுவும் நமக்கு இல்லை. பம்ப் நின்றால் சில மணி நேரத்திலேயே உடலில் இன்சுலின் தீர்ந்து, கொழுப்பு எரிந்து, இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறத் தொடங்கிவிடும். நள்ளிரவு 1 மணிக்குச் சோதித்தபோது சர்க்கரை 288, இரத்தக் கீட்டோன் 1.1. கீட்டோன் 0.6க்குக் கீழே இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். 3ஐத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆகவே பம்பைப் பழுதுபார்க்கும் முயற்சிக்கு அதிகபட்சம் அரை மணி நேரம் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் பம்பை மறந்துவிட்டு ஊசிக்கு மாறிவிட வேண்டும்.

ஊசிக்கு மாறலாம் என்று பையைத் திறந்தபோதுதான் என் ஏற்பாட்டின் இலட்சணம் தெரிந்தது. ஆறு ஆண்டுகளாகப் பம்பிலேயே பழகிவிட்டதால் நீண்டநேர இன்சுலினை எடுத்து வரவே இல்லை. விரைவு இன்சுலின் குப்பி ஒன்றும், கிளம்பும் அவசரத்தில் எங்கள் தெரு மருந்துக்கடையில் வாங்கிய நான்கு சிரிஞ்சுகளும் இருந்தன. குப்பியில் ஊசியைக் குத்தப்போன நேரத்தில்தான் சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறத்தில் இருப்பதைக் கவனித்தேன். சிவப்பு மூடி என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிரிஞ்சு. என் குப்பியோ மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ளது. அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வேண்டும். நம் நாட்டில் இரண்டு வகையும் விற்பனையில் இருப்பதால், வெறுமனே "இன்சுலின் ஊசி" என்று கேட்டால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுப்பார். அந்தச் சிரிஞ்சில் 6 என்ற கோடுவரை இழுத்திருந்தால் உடலுக்குள் 15 யூனிட் போயிருக்கும். நடு இரவில், கணவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு இன்சுலின் போட்டுக்கொண்டு நானும் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

கணவரை எழுப்பினேன். அங்கே 1.15 என்றால் நம்மூரில் காலை 5.45, நல்லவேளையாக, நடைப்பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மருத்துவர் தொலைபேசியை எடுத்தார். வேறு சிரிஞ்சு கிடைக்கும்வரை இதைக் கொண்டே சமாளிப்பது என்று முடிவு செய்து, ஒரு கோட்டுக்கு இரண்டரை யூனிட் என்று மூவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட்டுக்கொண்டோம். முதலில் இரண்டு கோடு, அதாவது 5 யூனிட். பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கோடு. பம்பில் என் பேசல், அதாவது நாள் முழுதும் சிறுகச் சிறுகப் போகும் அடிப்படை இன்சுலின், நாளொன்றுக்கு 18 யூனிட் என்பதால் மூன்று மணி நேரத்துக்கு 2.25 யூனிட் தேவைப்படும். கணக்கு ஏதோ பொருந்தி வந்தது. ஆனால் ஒரு கோடு என்பது கடுகளவுகூட இல்லாத ஒரு துளி. அதில் சிறு காற்றுக் குமிழி நின்றாலும் பாதி மருந்து குறைந்துவிடும் என்பதால், கணவர் கைப்பேசி விளக்கைப் பிடிக்க, நான் சிரிஞ்சைச் சுண்டிச் சுண்டிப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். இதை யாருக்கும் வழிமுறையாகச் சொல்லவில்லை. மருத்துவர் மறுமுனையில் இல்லாதிருந்தால் அப்போதே மருத்துவமனைக்குத்தான் போயிருப்பேன். நிறையத் தண்ணீர் குடித்து, அலாரம் வைத்து எழுந்து எழுந்து சோதித்ததில், காலையில் சர்க்கரை 171க்கும் கீட்டோன் 0.4க்கும் இறங்கின.

விடிந்ததும் 111 என்ற எண்ணை அழைத்தோம். பிரிட்டனில் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத அவசரங்களுக்கு அதுதான் எண். உயிராபத்து என்றால் 999. இந்திய மருத்துவரின் சீட்டைக் காட்டி அங்குள்ள மருந்துக்கடையில் இன்சுலின் வாங்க முடியாது என்பதால் தீவிலேயே உள்ள மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். சர்க்கரை எவ்வளவு என்று செவிலியர் கேட்டதற்கு நான் 171 என்று சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அங்கே அளவு மில்லிமோலில். நம் எண்ணை 18ஆல் வகுக்க வேண்டும். 9.5 என்று திருத்திச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அங்கிருந்த மருத்துவர் கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலின் பேனாவும் விரைவு இன்சுலின் பேனாவும் எழுதிக் கொடுத்தார். அவசரப் பிரிவில் பார்த்ததற்குக் கட்டணம் இல்லை. மீதி ஒன்பது நாட்களையும் அந்தப் பேனாக்களோடு ஓட்டினேன்.

இப்போதெல்லாம் நீண்டநேர இன்சுலின் பேனா, விரைவு இன்சுலின் பேனா, அவற்றுக்கான ஊசிமுனைகள் ஆகியவற்றை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றை என் கைப்பையிலும் மற்றதைக் கணவரின் கைப்பையிலும் வைக்கிறேன். பேனாவில் யூனிட் கணக்கை அதுவே காட்டிவிடுவதால் மூடி நிறக் குழப்பமே இல்லை. பம்ப் அணைந்துவிட்டால் அதற்குள் இருக்கும் அளவுகளைப் பார்க்க முடியாமல் போகலாம். ஆகையால் மணிவாரியான பேசல், எவ்வளவு மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்ற விகிதம், ஒரு யூனிட் எவ்வளவு சர்க்கரையைக் குறைக்கும் என்ற கணக்கு, பம்ப் இல்லாத நாளில் போட வேண்டிய நீண்டநேர இன்சுலின் அளவு ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்திடம் +91 என்று தொடங்கும் சாதாரண எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பயணத்துக்கு இரவல் பம்ப் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஊர் திரும்பிய பிறகுதான் மாற்றுப் பம்ப் கிடைத்தது.

விமானத்தைப் பற்றிச் சுருக்கமாக: சரக்குப் பெட்டியில் போட்டால் இன்சுலின் உறைந்து வீணாகலாம். விமான நிலையத்தில் பம்பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அனுப்பாமல் கையால் சோதிக்கச் சொல்லுங்கள். மருத்துவரின் கடிதம் அப்போது உதவும். விமானம் மேலேறும்போது காற்றழுத்தம் குறைந்து குமிழிகள் உருவாவதால் ஒரு யூனிட் அளவுக்குக் கூடுதலாக இன்சுலின் உள்ளே போகக்கூடும்; சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரிய அளவு.

திரும்பப் பம்புக்கு மாறும்போது ஒரு விஷயம். கடைசியாகப் போட்ட கிளார்ஜின் ஏறத்தாழ 24 மணி நேரம் உடலில் இருக்கும். புதுப் பம்ப் வந்த மகிழ்ச்சியில் நான் அதே மாலையில் பேசலை முழுதாக ஓடவிட்டு, இரவு இரத்தச் சர்க்கரை 58க்கு இறங்கி, சமையலறையில் நின்றபடி சர்க்கரையை அள்ளித் தின்றேன். எப்போது தொடங்குவது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.