லிங்கனின் கட்சியைக் கறுப்பின வாக்காளர்கள் ஏன் கைவிட்டார்கள்?

அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த லிங்கனின் குடியரசுக் கட்சிக்கு இன்று கறுப்பின மக்களில் பெரும்பாலோர் ஏன் வாக்களிப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். விலகல் 1930களிலேயே, எதிர்முகாமான ஜனநாயகக் கட்சியின் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் தொடங்கியது. முறிவு வந்தது 1964இல்.

இனப் பாகுபாட்டைத் தடைசெய்த அந்த ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை செனட்டில் குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரித்தார்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் எதிர்த்த ஆறு பேரில் ஒருவரான பேரி கோல்ட்வாட்டரைத்தான் கட்சி அதிபர் வேட்பாளராக்கியது. அவர் 1957, 1960 குடிமை உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர். 1964 சட்டத்தில் உணவகம், விடுதி, வேலைவாய்ப்பு குறித்த பிரிவுகளை மட்டும் மத்திய அரசின் அத்துமீறல் என்றார். கொள்கை நேர்மையானதாகவே இருக்கட்டும். உணவகத்தில் விரட்டப்பட்ட கறுப்பினத்தவருக்கு அந்த வாதம் என்ன பாதுகாப்பு தந்தது? வெள்ளையருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. சலுகை என்பது அதுதான்.

அவர் வென்றவை ஆறு மாநிலங்கள்: சொந்த அரிசோனா, மிசிசிப்பி, அலபாமா உள்ளிட்ட ஐந்து தென்மாநிலங்கள். இனப்பிரிவினையை ஆதரித்த தென்மாநில செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டும் அதே ஆண்டு ஜனநாயகக் கட்சியிலிருந்து மாறி வந்து சேர்ந்தார். தென்மாநில வெள்ளையரின் அந்த வாக்குகளை 1968இல் கட்சியின் அதிபர் வேட்பாளர் நிக்சன் குறிவைத்தார்.

தவறுக்குப் பொறுப்பேற்பது தாமதமாகவே நடந்தது. இனப்பிரிவினையை முன்வைத்து தர்மண்ட் 1948இல் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டதைப் புகழ்ந்த டிரென்ட் லாட், 2002இல் செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைமையை இழந்தார். 2005இல் கட்சித் தலைவர் கென் மெல்மன், இனப் பிளவால் ஆதாயம் தேடியது தவறு என்று கறுப்பினத்தவர் மாநாட்டிலேயே ஒப்புக்கொண்டார். அதற்கேற்ற வாக்குரிமைக் கொள்கையைக் கட்சி வகுத்திருக்க வேண்டும், வகுக்கவில்லை.