தோட்டத்துக்குப் பணம்

கேள்வி: எங்கள் காலனிக்குப் பின்னால் நகராட்சியின் காலி இடம் கிடக்கிறது. காய்கறி போட ஆறு பெண்கள் தயார். பணத்துக்கு என்ன வழி?
- ஒரு வாசகி, பாலக்காடு

பதில்: அம்மா, முதலில் இடத்துக்கு நகராட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி விதைக்க வேண்டாம். ஆறு பேரும் குடும்பஸ்ரீ (கேரள அரசின் பெண்கள் திட்டம்) அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்களின் குழுவில், இருந்தால் கூட்டுப் பொறுப்புக் குழுவாக, அதாவது கடனுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுப்பேற்கும் குழுவாகப் பதிந்து வங்கிக் கடன் கேட்கலாம். 4 முதல் 10 பேர் வரை சேரலாம். விதை, நாற்றுக்குக் கிருஷி பவனில் (அரசு வேளாண் அலுவலகம்) விசாரியுங்கள்.

ஆனால் தண்ணீர்! கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்தவள் நான், மார்ச் வெயில் என்ன செய்யும் என்று தெரியும். கடனில் முதல் செலவு தொட்டியும் குழாயும்தான். ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியில் வரும் வெண்டைக்காய் வீடு சேர்வதற்குள் வாடிவிடுகிறது. பறித்த அன்றே நம் பிள்ளைகள் சாப்பிட வேண்டும், எனக்கு அதுதான் ஆசை. அப்புறம், முதலில் கீரை போடுங்கள். ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும்.