கூரையில்லாத வீடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் அயர்லாந்தில், கார்க் நகரில் நர்ஸாக இருக்கிறாள். போய் எட்டு மாதமாகிறது, இன்னும் ஒழுங்கான வீடு அமையவில்லை. நான்கு பெண்கள் இரண்டு அறையில் இருக்கிறார்கள். விடுமுறையில் அக்கில் தீவுக்குப் போனவள் ஒரு படம் அனுப்பினாள். மலையடிவாரத்தில் வரிசையாகக் கல்வீடுகள், எண்பது நூறு இருக்கும். ஒன்றுக்கும் கூரை இல்லை, ஆளும் இல்லை. தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் பரப்புள்ள நாடு, ஜனத்தொகை 50 லட்சத்துச் சொச்சம்தான். அங்கே போய் ‘நாடு நிரம்பிவிட்டது’ என்று பலகை பிடித்து ஊர்வலம் போகிறார்களாம். நீங்கள் ஒரு பழைய கட்டுரையில் அயர்லாந்தைப் ‘போனவர்களால் ஆன நாடு’ என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். எனக்குப் புரியவில்லை. அந்தக் கல்வீடு ஒன்றுக்குக் கூரை போட்டுக் கொடுத்தால் இவள் இருந்துகொள்ள மாட்டாளா?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

படத்தில் இருப்பது ஸ்லீவ்மோர் என்ற இடம். மாயோ மாவட்டத்தைச் சேர்ந்தது. 1841 கணக்கெடுப்பின்போது மாயோவில் 3,88,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் சுமார் 1,38,000. தட்டச்சுப் பிழை இல்லை, கணக்கு அப்படித்தான். வடக்கு அயர்லாந்தையும் சேர்த்து முழுத் தீவுக்கும் பார்த்தால் அன்றைக்கு 82 லட்சம், இன்றைக்கு 70 லட்சத்தை ஒட்டி. அன்றிருந்த எண்ணிக்கையை அந்தத் தீவு இன்னும் எட்டவில்லை.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. அடுத்த ஏழெட்டு வருடத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்குக் குறையாதவர்கள் கப்பல் ஏறினார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை. கூரைக் கதை அவ்வளவாகத் தெரியாது.

வருடத்துக்கு நான்கு பவுண்டு வரையில் மதிப்பிடப்பட்ட சிறு குத்தகைகளுக்கு ஏழை நிவாரண வரியை ஜமீன்தாரே கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. குடியானவன் இருந்தால் வரி, இல்லாவிட்டால் வரி இல்லை. ஜமீன்தார் என்ன செய்வார்? ஆளைக் கிளப்பினார். திரும்பி வந்து ஒண்டிக்கொள்ளக் கூடாது என்று கூரையையும் பிடுங்கிப் போட்டார். ஸ்லீவ்மோர் முழுக்க இப்படிக் காலியானதாகச் சொல்ல முடியாது. பிற்பாடும் கோடையில் மாடு மேய்க்க வந்தவர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். ஆனால் மேற்கு அயர்லாந்தில் நிற்கும் மொட்டைச் சுவர்களில் பலவற்றின் கூரை காற்றிலும் மழையிலும் விழுந்ததில்லை.

1847-இல் இன்னொரு விதி வந்தது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு அரசு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விடு. இதைக் கொண்டுவந்தவர் வில்லியம் கிரிகரி என்ற எம்.பி. பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பிற்பாடு இலங்கையின் ஆளுநராக வந்தவர் இவரேதான். நுவரெலியாவில் கிரிகரி ஏரியில் படகு விடுகிறார்களே, அந்தக் கிரிகரி. கொழும்பு அருங்காட்சியகமும் அவர் காலத்தில் எழுந்ததுதான், வாசலில் சிலையாக நிற்கிறார்.

சரி, பஞ்சம் முடிந்தது. போவது நிற்கவில்லை. முன்பெல்லாம் பிள்ளைகளுக்கு நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பஞ்சத்தைப் பார்த்தபின் ஒரே பிள்ளைக்கு மொத்த நிலம் என்றாயிற்று. அவனும் அப்பா சாவியைக் கொடுக்கும்வரை கல்யாணம் செய்துகொள்ள முடியாது, நாற்பது வயதில் மாப்பிள்ளை ஆவான். மற்ற பிள்ளைகள்? ஒருவன் பாதிரியார், ஒருத்தி கன்னியாஸ்திரி, மீதிப்பேர் கப்பல். (மதராஸில் 1842-இலேயே வந்திறங்கிப் பள்ளிக்கூடம் நடத்திய பிரசன்டேஷன் சபைச் சகோதரிகள் அங்கிருந்து வந்தவர்கள்.) அமெரிக்காவிலிருந்து அக்கா அனுப்பும் பணத்தில் தங்கைக்கு டிக்கெட் எடுப்பார்கள். ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து ஆண்களே அதிகம் போனார்கள். அயர்லாந்திலிருந்து பெண்களும் அதே அளவுக்குப் போனார்கள், அதுவும் தனியாக. கிளம்புவதற்கு முந்தின இரவு ஊரே கூடி விடிய விடிய விழித்திருக்கும். பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு செய்யும் சடங்கின் பெயரையே அதற்கும் வைத்திருந்தார்கள். போனவர் திரும்பமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

‘போனவர்களால் ஆன நாடு’ என்று நான் எழுதியது இதை வைத்துத்தான். வேலை கிடைக்காதவன், பாதிரியாரோடு ஒத்துப்போகாதவள், கல்யாணமாகாமல் கர்ப்பமானவள் என்று ஊரில் சண்டை போட்டிருக்க வேண்டிய அத்தனை பேரும் பாஸ்டனிலோ லண்டனிலோ இருந்தார்கள். இருந்தவர்கள் இருந்தபடி இருந்தார்கள். 1950-களில் மட்டும் வந்தவர்களைக் கழித்து 4 லட்சம் பேர் வெளியேறினார்கள். 1961-இல் குடியரசின் ஜனத்தொகை 28 லட்சம், அதன் வரலாற்றிலேயே குறைவு. அரசு வேலையில் இருக்கும் பெண் கல்யாணமானால் வேலையை விட வேண்டும் என்ற விதி 1973 வரை நீடித்தது. ‘வழிதவறிய’ பெண்களை அடைத்து வைத்துத் துணி துவைக்க வைத்த மடங்களில் கடைசியானது மூடப்பட்டது 1996-இல்.

அதே 1990-களின் நடுவில்தான் கணக்கு தலைகீழானது. 1967-இல் வந்த இலவச உயர்நிலைக் கல்வி, 1973-இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது, பின்னால் வந்த அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து போகிறவர்களைவிட வருகிறவர்கள் அதிகமானார்கள். படித்தவர்கள் ஊரிலேயே தங்கினார்கள், தங்கியவர்கள் ஓட்டுப் போட்டார்கள். 1995-இல் விவாகரத்துக்கு இருந்த தடை பொதுவாக்கெடுப்பில் 9,114 ஓட்டு வித்தியாசத்தில் நீங்கியது. 2018-இல் கருக்கலைப்புத் தடையை நீக்க 66.4 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். அதற்குப் பின்னால் 2012-இல் கால்வே நகரில் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு இறந்துபோன நம் நாட்டுப் பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவரின் முகம் இருந்தது. சாதாரணக் குடிமகன் வெளிநாட்டிலிருந்தபடி அங்கே ஓட்டுப் போட முடியாது. ஆகவே லண்டனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பிள்ளைகள் விமானம் ஏறி வந்து போட்டுவிட்டுப் போனார்கள். போனவர்கள் சண்டை போடத் திரும்பி வந்தது அநேகமாக அப்போதுதான்.

இதை வைத்து அவர்கள் எல்லா விஷயத்திலும் தாராளமாகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அயர்லாந்து மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்பதை 2004-இல் 79 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு நீக்கினார்கள். 2023 நவம்பரில் டப்ளினில் கலவரம் நடந்தது. 2025 கோடையில் இந்தியர்கள் தாக்கப்பட்டு நம் தூதரகமே எச்சரிக்கை விடும்படி ஆனது. உங்கள் மகள் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

‘நிரம்பிவிட்டது’ என்பது பொய். ஆனால் வீடு இல்லை என்பது மெய். 2006-இல் வருடத்துக்கு ஏறத்தாழ 90,000 வீடு கட்டிய நாடு, 2008-இல் வங்கிகள் கவிழ்ந்தபின் சில வருடங்களிலேயே பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கியது. கொத்தனார்களும் தச்சர்களும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள், வழக்கம்போல. அப்புறம் வேலை திரும்பி வந்தது, ஆள் வந்தார்கள், வீடு வரவில்லை. 2022 கணக்கெடுப்பில் 18 வயது தாண்டியும் பெற்றோர் வீட்டில் இருப்பவர்கள் 5,22,000 பேர். காலியாகக் கிடந்த வீடுகள் 1,66,000. பலகை பிடிப்பவனுக்குக் கோபம் உண்மையானது, முகவரிதான் தப்பு.

கூரை விஷயத்துக்கு வருகிறேன். பாழடைந்த வீட்டைச் சீர்ப்படுத்த 70,000 யூரோ வரை அரசே மானியம் தருகிறது. ஆனால் அது வீட்டுச் சொந்தக்காரருக்கு. அப்படியே ஸ்லீவ்மோரில் ஒன்று கிடைத்தாலும், அங்கிருந்து கார்க் 300 கிலோமீட்டருக்கு மேல். இரவு டியூட்டி முடித்து பஸ் மாறி மாறி வீடு போய்ச் சேர்வதற்குள் உங்கள் மகளுக்கு அடுத்த டியூட்டிக்குக் கிளம்ப நேரமாகிவிடும்.