ஸ்கேன் அறிக்கையில் ‘ஓனோடி’, ‘கெரோஸ் 3’ என்று இருக்கிறதே, சைனஸ் ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு வருடமாக மூக்கடைப்பு, வலது கன்னத்தில் அழுத்தம், தொண்டையில் சளி இறங்குதல். சி.டி. ஸ்கேனில் ‘வலது கான்கா புல்லோசா, மூக்குத் தண்டு இடப்பக்கம் வளைவு, வலது ஹாலர் அறை, இடது ஓனோடி அறை, கெரோஸ் 3’ என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார். என் மூக்கின் அமைப்பே கோளாறா? கண் பாதிக்குமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் ஐந்தில் ஒன்றுகூட நோய் இல்லை. சைனஸ் அறைகள் ஒருவருக்கு இருப்பதுபோல இன்னொருவருக்கு இருப்பதில்லை. ஒரே ஆளின் வலதும் இடதும்கூட ஒத்துப்போவதில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் ஸ்கேனிலும் இவை சர்வசாதாரணமாகத் தென்படும். அதனால் ‘கான்கா புல்லோசா இருக்கிறது, எடுத்துவிடலாம்’ என்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது.

முதல் மூன்றும் சளி வடியும் வழியைப் பற்றியவை. மூக்கின் பக்கச்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு மடிப்புக்கு டர்பினேட் என்று பெயர். அவற்றில் நடுவில் இருப்பது காற்று புகுந்து ஊதியிருந்தால் கான்கா புல்லோசா. ஹாலர் அறை கண்குழியின் அடித்தளத்தில், கன்ன சைனஸின் வாசலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே பக்கம் இருந்து, அந்த வலது கன்ன சைனஸில் ஸ்கேனிலும் சளியோ வீக்கமோ தெரிந்தால், உங்கள் தொந்தரவுக்கும் இவற்றுக்கும் தொடர்பு இருக்கலாம். சைனஸ் கறுப்பாக, காற்று நிறைந்து சுத்தமாகத் தெரிந்தால் கன்ன அழுத்தத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும். பல், ஒற்றைத் தலைவலி இரண்டையும் பலர் சைனஸ் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசி இரண்டும் உங்களுக்கான செய்தி இல்லை, கத்தி பிடிப்பவருக்கான எச்சரிக்கை.

வாசனை நரம்புகள் இறங்கும் சல்லடை எலும்பு ஒரு பள்ளத்தின் அடியில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் ஆழத்தை 1962-ல் கெரோஸ் என்பவர் மூன்றாகப் பிரித்தார்: 1 முதல் 3 மி.மீ. வரை முதல் வகை, 4 முதல் 7 வரை இரண்டாவது, 8 முதல் 16 வரை மூன்றாவது. ஆழம் கூடக்கூட அதன் பக்கச்சுவர் உயரமாகிறது. மண்டையோட்டின் அடித்தளத்திலேயே மெலிந்த எலும்பு அதுதான். சில இடங்களில் 0.2 மி.மீ.கூட இருக்காது. கருவி அங்கே இடறினால் மூளைத் தண்டுவட நீர் கசியும். இரு பக்கமும் ஆழம் வேறுபட்டால் ஆபத்து இன்னும் கூடும், ஒரு பக்கத்தில் பழகிய உயரத்தை மறுபக்கத்தில் கை எதிர்பார்த்துவிடும். கான்கா புல்லோசாவை முழுக்கப் பிடுங்காமல் வெளிப்பக்கப் பாதியை மட்டும் எடுப்பதற்கும் இதுவே ஒரு காரணம்: அந்த டர்பினேட்டின் வேர் இந்த எலும்பில்தான் ஒட்டியிருக்கிறது.

இரு கண்களுக்கும் நடுவே இருக்கும் சிறு சைனஸ் அறைகள் எத்மாய்டு. அவற்றுக்குப் பின்னால், மூக்கின் பின்கோடியில் இருப்பது ஸ்பீனாய்டு. ஓனோடி என்பது ஸ்பீனாய்டு சைனஸின் மேலே, பக்கவாட்டில் நீண்டுபோன பின்புற எத்மாய்டு அறை. பார்வை நரம்பு அதன் சுவரை ஒட்டியோ, உள்ளே புடைத்தோ ஓடலாம். நேராகப் பின்னால் போனால் ஸ்பீனாய்டு வரும் என்று நினைத்துப் போகிறவர் ஓனோடிக்குள் நுழைந்துவிடுவார். ஸ்பீனாய்டு அதற்குக் கீழே, உள்பக்கம் இருக்கும். கொரோனல் படத்தில் (முகத்தை நேர் எதிரே பார்ப்பதுபோன்ற வெட்டுப் படம்) ஸ்பீனாய்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு படுக்கைவாட்டுத் தடுப்பு தெரிந்தால், அதற்கு மேலே இருப்பது பெரும்பாலும் ஓனோடிதான்.

முன்கூட்டியே தெரிந்த ஓனோடியைவிடத் தெரியாத ஓனோடிதான் ஆபத்து. ஆகவே உங்கள் டாக்டர் அறிக்கையை மட்டும் அல்ல, படத்தையே மூன்று கோணங்களிலும் பார்த்தாரா என்று தயங்காமல் கேளுங்கள். ஸ்கேனில் ஒவ்வொரு வெட்டுப் படத்தின் தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியதாக இருக்க வேண்டும். அறிக்கையில் இல்லாத ஒன்றையும் கேளுங்கள்: முன் எத்மாய்டு தமனி (ரத்தக்குழாய்) எத்மாய்டு அறைகளின் கூரையோடு ஒட்டி ஓடுகிறதா, கீழே தொங்குகிறதா? தொங்கும் தமனி அறுபட்டால் கண்குழிக்குள் சுருண்டு போய் அங்கே ரத்தம் கட்டும். பார்வையைக் காப்பாற்ற நிமிடக் கணக்கில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஆபரேஷனின்போது கண்களைத் துணியால் மூடாமல் வெளியே தெரியும்படி வைப்பதும் இதற்காகத்தான். உதவியாளர் மூடிய இமையை விரலால் மெல்ல அழுத்துவார். உள்ளே எண்டோஸ்கோப்பில் பக்கச்சுவர் அசைந்தால், அந்த இடத்தில் எலும்பு இல்லை, அதற்கு அப்பால் கண்குழி என்று அர்த்தம்.

அதற்கு முன் ஒன்று. உப்புநீர் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் எட்டு வாரமாவது ஒழுங்காகச் செய்தீர்களா? கழுவக் கொதிக்கவைத்து ஆறிய நீர்தான் வேண்டும். சளிக்காய்ச்சல் நேரத்தில் எடுத்த ஸ்கேனை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டால் அதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆபரேஷன் செய்துகொண்டால், டாக்டர் சொல்லும்வரை மூக்கைச் சிந்த வேண்டாம். குனிந்தால் ஒரு நாசியிலிருந்து தண்ணீர்போலச் சொட்டுவது, கண் வீங்கி முன்தள்ளுவது, பார்வை மங்குவது, இரட்டையாகத் தெரிவது, கழுத்து விறைப்போடு தலைவலி: இவற்றில் எது வந்தாலும், நடு இரவாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.